காயப்போட்ட பேட்டரி

பழ வாசனை வருகிறது என்று முதலில் சொன்னவர் மாமனார்தான். அந்த வீட்டில் மூக்கு என்று ஒழுங்காக வேலை செய்தது அவருக்கு மட்டும்தான். மகன் வீடுகளுக்குப் பெயிண்ட் அடிப்பவன். தின்னர் வாசனையைச் சட்டையோடு போர்த்திக்கொண்டு வருபவனுக்கு வேறு வாசனை எங்கே ஏறும்? மருமகள் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் இஸ்திரிப் பிரிவில் இருந்தாள். வெளுப்பு மருந்தின் ஆவியை வருஷக்கணக்கில் குடித்ததில் அவள் மூக்கு என்றைக்கோ ராஜினாமா கொடுத்துவிட்டது. பால் திரிந்துவிட்டதா என்று பார்க்கக்கூட மாமனாரிடம்தான் பாத்திரத்தை நீட்டுவாள். அவர் மோந்து பார்த்து, "ஊத்திடு" என்றால் ஊற்றிவிடுவாள். பால் விஷயத்தில் அவர் சொன்னது சட்டம். பழ விஷயத்தில் மட்டும் அவரை யாரும் நம்பவில்லை.

"அம்மாடி, பழம் வாங்கினியா?"

"இல்லியே மாமா."

"வாசனை வருதே."

"பக்கத்து வீட்ல வாங்கியிருப்பாங்க."

"பக்கத்து வீட்டு வாசனைக்கும் நம்ம வீட்டு வாசனைக்கும் வித்தியாசம் தெரியாதா எனக்கு? நல்லாக் கனிஞ்ச பழம். இன்னும் விட்டா அழுகிப்போயிடும். அதுக்குள்ள எனக்கும் ஒரு துண்டு குடுத்தா உங்களுக்கு என்ன கொறஞ்சிடும்?"

அவர் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். உடம்பு பஸ்ஸை விட்டு இறங்கிவிட்டாலும் மனசு இன்னும் ஸ்டீயரிங்கில்தான் இருந்தது. சில நாள் விடிந்ததும் எழுந்து, முதல் வண்டியை எடுக்க வேண்டும் என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். அப்படிக் கிளம்பித்தான் ஒரு தடவை படிக்கட்டில் உருண்டு இடுப்பை உடைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு வீட்டில் யாரும் இல்லாதபோது வெளியே பூட்டிவிட்டுப் போவது வழக்கமாகிவிட்டது. மருமகளுக்கு அது பிடிக்காத காரியம். பூட்டும்போதெல்லாம் "சீக்கிரம் வந்துடறேன் மாமா" என்று கதவிடம் சொல்லிவிட்டுத்தான் இறங்குவாள். ஆகவே அவர் பழம் பழம் என்றபோது, சரி, அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டார் போலிருக்கிறது என்று புருஷனும் பெண்டாட்டியும் கண்ணாலேயே பேசிக்கொண்டார்கள்.

அந்த வீடு மூன்றாவது மாடியில் இருந்தது. கதவைத் திறந்தால் ஆள் ஒருவர் போகிற அகலத்துக்கு ஒரு வழி. அதன் ஓரத்தில் செருப்பு அலமாரி. அதைத் தாண்டி முன்னறையில் பெரியவர் கட்டில். அதற்குப் பின்னால் இவர்களுடைய அறை, கடைசியில் சமையலறை. வீட்டில் சும்மா இருக்கிற பிளக் ஒன்றே ஒன்றுதான், அதுவும் செருப்பு அலமாரிக்கு மேலே. அந்த பிளக்கில்தான் சைக்கிள் பேட்டரி சார்ஜ் ஆகும்.

சைக்கிள் வந்த கதையைச் சொல்ல வேண்டும். சலவைக்கூடம் ஆஸ்பத்திரிக்குப் பின்னால், மேட்டின் உச்சியில் இருந்தது. காலை ஷிப்டுக்கு மேட்டுக்குப் போய்க்கொண்டிருந்த பஸ்ஸை ஒரு நாள் நிறுத்திவிட்டார்கள். கூட்டம் இல்லையாம். கூட்டமாக இல்லாதவர்கள் எப்படி வேலைக்குப் போவது என்று யாரும் கேட்கவில்லை. மருமகள் நடக்க ஆரம்பித்தாள். நாள் முழுக்க நின்றே இஸ்திரி போடுகிற காலில் முட்டி ஏற்கெனவே தேய்ந்திருந்தது. மேடு அதை மேலும் தின்றது. ராத்திரி அவள் முட்டிக்குத் தைலம் தேய்ப்பதைப் பெயிண்டர் பார்த்துக்கொண்டே இருந்தான். வேலை செய்த ஒரு வீட்டில், மோட்டார் வைத்த சைக்கிள் ஒன்று ஆசை தீர்ந்து மூலையில் கிடந்தது. எப்படியோ பேசி அதை வாங்கிவிட்டான். துருவைச் சுரண்டி, இரண்டு கோட்டு மஞ்சள் அடித்து, மாடிப்படிக்குக் கீழே கொண்டுவந்து நிறுத்தினான்.

"என்னங்க இது, இவ்வளவு மஞ்சளா?"

"லாரிக்காரன் கண்ணுல குத்தணும். மஞ்சள்தான் குத்தும்."

"பாக்கறவங்க கண்ணெல்லாம் குத்துமே."

"குத்தட்டும். நீ பத்திரமா வந்தாப் போதும்."

மிதித்தால் மோட்டாரும் கூடச் சேர்ந்து மிதிக்கும், அதுதான் அந்த வண்டியின் சூட்சுமம். முதல் நாள் மேட்டில் ஏறும்போது யாரோ முதுகில் கை வைத்துத் தள்ளுகிறார்கள் என்றே நினைத்து அவள் திரும்பிப் பார்த்தாள். அன்றைக்கு மூச்சு வாங்காமல் சலவைக்கூடத்துக்குள் நுழைந்தாள். துணி உலர்த்தும் டிரம்மைப் பார்த்துக்கொள்கிற தோழியிடம், அவளை எல்லோரும் டிரம்மக்கா என்றுதான் கூப்பிடுவார்கள், சின்னப் பிள்ளை மாதிரிச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"என் வீட்டுக்காரரே பின்னாடி தள்ளிட்டு வர்ற மாதிரி இருக்கு அக்கா."

"உன் வீட்டுக்காரன் இந்த மேட்டுல ஏறினா, உன்ன எங்க தள்ளுவான். அவனத்தான் நீ தள்ளணும்."

இருவரும் சிரித்தார்கள். அந்த வருஷத்தில் அவள் சந்தோஷமாக இருந்த நாட்களை எண்ணிப் பார்த்தால் எல்லாமே அந்தச் சைக்கிளோடுதான் இருக்கும்.

பிறகு மழை பிடித்துக்கொண்டது. மேட்டின் அடிவாரத்தில் ரோடு பள்ளமாக இருக்கும். மழை பெய்தால் அங்கே தண்ணீர் தேங்கும். ஒரு காலை, தண்ணீருக்குக் கீழே குழி இருப்பது தெரியாமல் விட்டாள். வண்டி சாய்ந்தது. அவளும் விழுந்து, எழுந்து, சைக்கிளைத் தூக்குவதற்குள் பேட்டரி முழுசாகத் தண்ணீர் குடித்துவிட்டது. விளக்கு இல்லை, மோட்டார் இல்லை. இரும்பைத் தள்ளிக்கொண்டு மேடேறிச் சேர்ந்தபோது ஷிப்டு ஆரம்பித்துவிட்டிருந்தது.

சூப்பர்வைசர் அம்மாள் சத்தம் போடுகிறவள் இல்லை. அதுதான் பயம். "இன்னொரு தடவ லேட்டானா, அழுக்குப் பிரிவுக்கு மாத்திடுவேன்" என்று மட்டும் சொன்னாள். அழுக்குப் பிரிவு என்றால் வார்டுகளிலிருந்து வருகிற துணியைப் பிரித்துப் போடும் இடம். ரத்தம், சீழ், மடிப்புக்குள் மறந்துபோன ஊசி. மருமகள் அங்கே இருந்துதான் மேலே வந்தாள். இரண்டு தடவை ஊசி குத்தி, இரண்டு தடவையும் ரத்தப் பரிசோதனை முடிவு வரும்வரை புருஷனைத் தொடாமல் படுத்திருந்தவள். அதோடு, அங்கே சாயங்கால ஷிப்டுதான். சாயங்காலம் அவள் வீட்டில் இல்லாவிட்டால் பெரியவருக்கு யார் சாப்பாடு போடுவார்கள்?

"என்ன மூஞ்சி இது?" என்றாள் டிரம்மக்கா.

"பேட்டரி நனஞ்சிடுச்சு."

"நனஞ்சா காயப்போடு. ஈரம்தானே? நம்மகிட்ட வந்து எந்த ஈரம் ஜெயிச்சிருக்கு?"

டிரம்மில் போடக்கூடாத கம்பளிகளைத் தொங்கவிட்டு உலர்த்த அங்கே ஒரு சூட்டறை உண்டு. கதவைத் திறந்தால் முகத்தில் அடிக்கும். சனியன் பிடித்த ஈரக் கம்பளிகூட அங்கே அரை நாளில் மொறமொறவென்று ஆகிவிடும். நனைந்த செருப்பு, நனைந்த பர்ஸ், ஒரு தடவை டிரம்மக்காவின் போன், எல்லாம் அந்த அறையில்தான் பிழைத்து வந்தன. வேலைக்காரர்கள் சொந்தப் பொருளை அதில் வைக்கக்கூடாது என்று எழுதியே ஒட்டியிருந்தார்கள். அறைக்குப் பொறுப்பு டிரம்மக்காதான். அவள் பேட்டரியை ஒரு தலையணை உறைக்குள் போட்டு, கம்பளிகளுக்கு நடுவே, கண்ணில் படாத இடமாகப் பார்த்து வைத்தாள்.

வேறு வேலை செய்கிறவர்கள் யாரும் இந்தக் காரியத்தைச் செய்திருக்க மாட்டார்கள். ஈரத்துக்குச் சூடு என்பதைத் தவிர வேறு வைத்தியம் தெரியாதவர்கள் இவர்கள். அதில் ஒரு நாளும் தோற்றதில்லை. அதனால் வந்த தைரியம்.

ஷிப்டு முடிந்து எடுத்தபோது கையில் பிடிக்க முடியவில்லை. துண்டில் சுற்றித்தான் எடுத்தார்கள். ஆறவிட்டு, சைக்கிளில் மாட்டி, பொத்தானை அமுக்கினாள். சார்ஜ் காட்டும் கோடுகள் எல்லாம் எரிந்தன. டிரம்மக்கா ஆபரேஷன் முடித்த டாக்டர் மாதிரி கையைத் துடைத்துக்கொண்டாள்.

"யார்கிட்டயும் சொல்லாத. என் வேலை போயிடும்."

"சொல்வேனா அக்கா?"

சொல்லவில்லை. புருஷனிடம்கூடச் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது, வண்டிதான் ஓடுகிறதே.

ஓடத்தான் ஓடியது. முன்பைவிட நன்றாக ஓடியது என்றுகூட அவளுக்குத் தோன்றியது. பழ வாசனை அதற்குப் பிறகு, மழை விட்டுப் பனி ஆரம்பித்த நாட்களில்தான் வந்தது.

பெரியவர் பழத்தைத் தேட ஆரம்பித்தார். சமையலறைச் சட்டிகளைத் திறந்து பார்த்தார். மகனுடைய பெயிண்ட் டப்பாக்களைத் திறந்து பார்த்து விரலெல்லாம் நீலமாக்கிக்கொண்டார். "இந்த வயசுல என்கிட்ட மறைச்சுத் திங்கறாங்க" என்று சுவரிடம் முறையிட்டார். மகன் முதலில் சிரித்தான். பிறகு, "நீங்க சும்மா இருங்கப்பா, இருந்தாத் தர மாட்டமா" என்று கத்தினான். கத்தியதற்கு அன்றிரவே வருத்தப்பட்டு, அவருக்கு முதுகு தேய்த்துவிட்டான்.

இதற்கு நடுவே பேட்டரி சைக்கிளில் சரியாக உட்காரவில்லை. முன்பெல்லாம் தள்ளினால் டக்கென்று போய் உட்காரும். இப்போது இடுப்பைக் கொடுத்து முட்ட வேண்டியிருந்தது. பாதி மேட்டிலேயே கோடுகள் ஒவ்வொன்றாக அணைந்தன. ஒரு நாள் கடைசிக் கோடும் அணைந்து, சைக்கிள் வெறும் பாரமாகிவிட, திரும்பும் வழியில் அடிவாரத்துச் சைக்கிள் கடையில் நிறுத்தினாள்.

சைக்கிள்காரர் பேட்டரியைக் கழற்றக் கை வைத்தார். கழற்றி, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். பிறகு அதைக் கடைக்குள் கொண்டுபோகாமல் தெருவோரக் கல்லின் மேல் வைத்தார். அவர் முகம் மாறியதை அவள் கவனித்தாள்.

"தண்ணில விழுந்துச்சா?"

"விழுந்துச்சு. மழைல."

"அப்புறம் வேற எதுவும் பண்ணீங்களா?"

அவள் டிரம்மக்காவை நினைத்துக்கொண்டாள். "இல்லியே."

"வயிறு உப்பியிருக்கு பாருங்க. உள்ள கெட்டுப்போச்சு. எப்ப வேணாலும் பத்திக்கும். இத வீட்டுக்கு எடுத்துட்டுப் போகாதீங்கம்மா. பின்னாடி மண்ணுல வச்சுட்டுப் போங்க. எங்க சேர்க்கணுமோ அங்க நான் சேர்த்துடறேன்."

"புதுசு?"

"சொல்லி அனுப்பணும். வர ஒரு மாசமாகும்."

"அதுவரைக்கும் நான் எப்படிப் போறது?"

"நடங்க" என்றார் அவர். குரலில் கடுமை இல்லை.

அவள் கல்லின் மேல் இருந்ததைப் பார்த்தாள், மேட்டைப் பார்த்தாள். பேட்டரியைப் பையில் போட்டாள். "எங்க வீட்டுக்காரர்கிட்டக் காட்டிட்டுக் கொண்டுவரேன்" என்றாள். அவர் இரண்டு தடவை கூப்பிட்டார். அவள் திரும்பவில்லை.

வீட்டில் புருஷன் கேட்டான், "வண்டியக் காட்டினியா?"

"காட்டினேன். ஒண்ணுமில்லையாம். பழசுன்னா அப்படித்தானாம்."

"அதான் சொன்னேன். நான் பாத்து வாங்கினது." அவன் முகத்தில் வந்த பெருமையைப் பார்க்காமல் அவள் தட்டை எடுக்கப் போனாள்.

அதற்குப் பிறகு அவள் தன்னால் முடிந்த காவலெல்லாம் காத்தாள். கண்ணெதிரில் இருக்கும்போது மட்டும் சார்ஜ் போட்டாள். கீழே ஒரு பழைய இரும்புச் சட்டியைக் கவிழ்த்து அதன்மேல் வைத்தாள். பக்கத்தில் வாளியில் தண்ணீர். முக்காலியை இழுத்துப் போட்டு அங்கேயே உட்கார்ந்து வெங்காயம் உரித்தாள், கிழிந்ததைத் தைத்தாள். நடுநடுவே புறங்கையால் தொட்டுப் பார்த்தாள், காய்ச்சல்காரப் பிள்ளையைத் தொடுகிற மாதிரி. பெரியவர் கட்டிலிலிருந்து பார்த்துக்கொண்டே இருப்பார்.

"என்ன அம்மாடி, வாசல்ல காவல் இருக்கே. திருடன் வரான்னு சொன்னாங்களா?"

"காத்து வாங்கறேன் மாமா."

"பனிக்காத்து. ஒடம்புக்கு ஆகாது."

இன்னும் இந்த வாரம், இந்த வாரம் மட்டும் என்று சொல்லிக்கொண்டாள். ஒவ்வொரு வாரமும் அதையே சொன்னாள். மேடு ஏறும்போது தொடைக்கு நடுவே அது இருக்கிறது என்ற நினைப்பு முதுகுத்தண்டில் ஏறும். ஆனாலும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தாள். சூப்பர்வைசர் அம்மாள் அவளைப் பார்த்துத் தலையாட்டினாள். அந்தத் தலையாட்டலுக்காகத்தான் இவ்வளவும்.

ஓய்வு நாள் ஒன்றில் மனசு கேட்காமல் கடைக்குப் போய் ஆரஞ்சு வாங்கி வந்தாள். அவர் கேட்டுக்கேட்டு அலுத்துவிட்டார், சாகிற வயசில் ஒரு பழத்துக்கு ஏங்க வைப்பானேன் என்று இருந்தது. உரித்து, நார் எடுத்து, சுளை சுளையாகத் தட்டில் வைத்துக் கொடுத்தாள். அவர் ஒன்றை வாயில் போட்டு மென்றார். இன்னொன்று. பிறகு தட்டை மரியாதையாகத் தள்ளி வைத்தார்.

"நல்லாருக்கு. ஆனா இது இல்ல."

"எது இல்ல மாமா?"

"நான் சொல்றது வேற. இதவிடத் தித்திப்பு. தொண்டைல வந்து குத்தும். இப்பக்கூட வருது பாரு."

"எங்கேருந்து வருது?"

இத்தனை நாளில் யாரும் அவரிடம் இந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். மூக்கைக் கொஞ்சம் தூக்கி, ஓர் அடி வைத்து நின்று, இன்னோர் அடி வைத்து நின்று, குறுகலான வழிக்குள் போனார். செருப்பு அலமாரிக்கு எதிரே நின்று, குனிய முடியாமல் குனிந்து, விரலை நீட்டினார்.

"இதுக்குள்ளதான் ஒளிச்சு வச்சிருக்கீங்க."

அவர் விரல் காட்டியது பேட்டரியை.

அவள் முட்டி போட்டு உட்கார்ந்தாள். முகத்தைக் கிட்டே கொண்டுபோனாள். வாசனை எதுவும் தெரியவில்லை, ஆனால் கண் எரிந்தது. இரண்டு பக்கத்து உறையும் சேருமிடத்தில் நகம் நுழைகிற அளவுக்கு வாய் பிளந்திருந்தது. சார்ஜரிலிருந்து கழற்றிக் காலையிலிருந்து சும்மா கிடந்த பொருள். தொட்டுப் பார்த்தாள். கதகதவென்று இருந்தது.

இத்தனை நாளும் இந்த மனுஷன் தலைமாட்டில் இதை வைத்துவிட்டு, அவருக்குத்தான் புத்தி பிசகிவிட்டது என்று நினைத்தோமே என்று தன்மேல் அருவருப்பாக இருந்தது. ஈரத் துண்டில் சுற்றி, உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு மூன்று மாடியும் இறங்கினாள். கட்டடத்துக்குப் பின்னால், எப்போதோ பூச்சு வேலைக்குக் கொட்டி மிச்சமான மணல் குவியல் இருந்தது. அதன் உச்சியில் பேட்டரியை வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் தள்ளி நின்று பார்த்தாள். அது சாதுவாக உட்கார்ந்திருந்தது. அன்றைக்குச் சைக்கிள் கடை விடுமுறை. நாளைக்கு வேலை முடிந்து வரும்போது சைக்கிள்காரரையே கூட்டிவந்து கொடுத்துவிட வேண்டும் என்று தீர்மானித்தாள். அழுக்குப் பிரிவானால் அழுக்குப் பிரிவு.

சாயங்காலம் பெயிண்டர் வந்தான். சாரத்தின் மேல் நின்று நாளெல்லாம் கூரை விளிம்புக்கு அடித்ததில் கழுத்து பிடித்துக்கொண்டிருந்தது. ஆனாலும் உற்சாகமாக இருந்தான். ரொட்டியையும் முட்டையையும் முன்னால் வைத்தாள்.

"ஏங்க, சைக்கிள் விஷயமா ஒண்ணு சொல்லணும்."

"நானும் அதேதான் சொல்ல வந்தேன். அந்த வீட்டுல இன்னொரு வண்டி இருக்காம், அதே மாதிரி. கேட்டு வச்சிருக்கேன். அதையும் மஞ்சளடிச்சுடலாம். லீவு நாள்ல ரெண்டு பேரும் ஏரி வரைக்கும் போலாம். எத்தன வருஷமாச்சு நாம சேர்ந்து எங்கயாவது போய்?"

"இந்த வயசுலயா?"

"மோட்டார்தானே மிதிக்கப் போவுது. வயசா மிதிக்கப் போவுது?" என்று சிரித்தவன், "நீ என்னமோ சொல்ல வந்தியே" என்றான்.

அவன் வாயோரத்தில் முட்டை ஒட்டியிருந்தது. அவ்வளவு சந்தோஷமாக அவனைப் பார்த்து வெகுநாள் ஆகிவிட்டிருந்தது. பொய் சொன்னதைச் சொல்ல வேண்டும், சூட்டறையைச் சொல்ல வேண்டும், டிரம்மக்காவைச் சொல்ல வேண்டும். "ஒண்ணுமில்ல, மணி அடிக்க மாட்டேங்குது" என்றாள். பேட்டரியைத்தான் கீழே கொண்டுபோய் வைத்தாயிற்றே, இனி பயமில்லை, நாளைக்கு நிதானமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள்.

மறுநாள் இருட்டு பிரிவதற்குள் நடந்தே கிளம்பிவிட்டாள். முட்டி கெஞ்சியது. மேட்டில் இரண்டு இடத்தில் உட்கார்ந்து எழுந்தாள். ஆனாலும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டாள். நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது போல இருந்தது. தொடர்ந்து படுக்கை விரிப்புகளாக வந்துகொண்டிருந்தன. இஸ்திரி உருளைக்குள் விட்டு, மறுபக்கம் வாங்கி, மடித்து அடுக்கினாள். டீ நேரத்தில் டிரம்மக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

"பத்திக்கும்னா சொன்னாரு?"

"ஆமாக்கா. நாமதான் அவிச்சு வச்சிருக்கோம்."

டிரம்மக்காவின் டீ அப்படியே கையில் நின்றது. "நல்லவேளை, வெளிய வச்சுட்டே" என்றாள். "என் பேர் எங்கயும் வராதில்ல?" என்றும் கேட்டாள்.

அப்போது போன் அடித்தது. பெயிண்டர்தான்.

"ஏம்மா, நடந்தா போனே?"

"ஆமாங்க."

"நெனச்சேன். கெளம்பும்போது பாக்கறேன், சைக்கிள் கீழ நிக்குது, பேட்டரி மணல் மேல அனாதையாக் கெடக்குது. அப்பா இதையும் தொறந்து பாத்துடுவாருன்னு வெளிய வச்சு மறந்துட்டியா? எவனாவது தூக்கிட்டுப் போயிருந்தா என்ன பண்ணுவே?"

அவள் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள்.

"பனில நனஞ்சிருந்துச்சு. தொடச்சு, மேல கொண்டுபோய் சார்ஜ்ல போட்டிருக்கேன். மத்தியானம் நானே சைக்கிள எடுத்துட்டு மேட்டுக்கு வரேன். எறங்கும்போதாவது நடக்காம எறங்கு."

"மாமா?"

"தூங்கறாரு. பூட்டிட்டுத்தான் வந்தேன், கவலப்படாத."

"ஏங்க, ஒடனே வீட்டுக்குப் போங்க."

"என்னாச்சு?"

"போய் மாமாவ வெளிய கொண்டாங்க. அதத் தொடாதீங்க. மாமாவ மட்டும் தூக்கிட்டு வாங்க."

"ஏம்மா, எதுக்கு? நான் இங்க சாரத்து மேல..."

"எறங்குங்க. கேள்வி கேக்காதீங்க. போங்க. அப்புறம் சொல்றேன்."

டிரம்மக்கா அதற்குள் தன் போனை எடுத்துத் தீயணைப்புக்கு அடிக்க ஆரம்பித்திருந்தாள். விலாசம் கேட்டார்கள். மருமகள் தெருவைச் சொன்னாள், மாடியைச் சொன்னாள், உள்ளே ஆள் இருக்கிறார் என்று இரண்டு முறை சொன்னாள். சொல்லிக்கொண்டே ஓடிக்கொண்டிருந்தாள். சூப்பர்வைசர் அம்மாள் வாசலில் நின்று எதையோ கேட்டாள். அது காதில் விழவில்லை.

மேடு ஏற எவ்வளவு கஷ்டமோ இறங்குவது அதைவிடக் கஷ்டம். ஒவ்வோர் அடியும் முட்டியில் வந்து இடித்தது. வெயில் பளிச்சென்று அடித்தது. ரோட்டில் எல்லாரும் சாதாரணமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். ஒன்றும் ஆகியிருக்காது, இத்தனை நாள் ஆகாதது இன்றைக்கா ஆகப்போகிறது, அவர் போய்க் கதவைத் திறந்திருப்பார், மாமா "என்னடா இந்த நேரத்துல" என்று கேட்டிருப்பார். வளைவு வரை இப்படியே சொல்லிக்கொண்டு வந்தாள். வளைவில் நின்றால் அவர்கள் கட்டடம் தெரியும். புகை கறுப்பாக, நேராக ஏறிக்கொண்டிருந்தது.

தெருவுக்குள் நுழைந்தபோது தீயணைப்பு வண்டி வந்து, வேலையும் பாதி முடிந்திருந்தது. ஜனங்கள் அண்ணாந்து பார்த்தபடி நின்றார்கள். அவளை அடையாளம் தெரிந்தவர்கள் வழிவிட்டார்கள். அப்படி வழிவிட்டதிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

பெயிண்டர் நடைபாதை விளிம்பில் உட்கார்ந்திருந்தான். இரண்டு கையையும் மடியில் மல்லாத்தி வைத்திருந்தான். உள்ளங்கைத் தோல் உரிந்திருந்தது. பூட்டைத் திறந்திருக்கிறான். கதவைத் திறந்ததும் நெருப்பு அந்தக் குறுகலான வழி முழுக்க நின்றிருக்கிறது. மூன்று தடவை நுழையப் பார்த்திருக்கிறான். மூன்றாவது தடவை பக்கத்து வீட்டார் இழுத்துப் பிடித்துக்கொண்டார்கள்.

பெரியவரைச் சமையலறையில் கண்டெடுத்தார்கள். ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி கீழே சரிந்து கிடந்தாராம். உடம்பில் ஒரு காயம் கிடையாது, புகைதான் கொன்றது என்று தலைக்கவசத்தைக் கழற்றிக்கொண்டே ஒருவர் சொன்னார். ஆம்புலன்ஸ் வண்டியில் ஏற்றியபோது ஒரு காலில் செருப்பு இருந்தது. மருமகள் அந்தக் காலைப் பிடித்துக்கொண்டு "மாமா, மாமா" என்று கதறினாள். மெல்ல அவள் விரல்களைப் பிரித்துவிட்டுக் கதவைச் சாத்தினார்கள்.

வண்டி போன பிறகு அவள் வந்து புருஷன் பக்கத்தில் உட்கார்ந்தாள். யாரோ கொடுத்த தண்ணீர் அவன் காலடியில் அப்படியே இருந்தது. அவன் அழவில்லை. அவளைத் திட்டினால் தேவலை, அடித்தால்கூடத் தேவலை என்று அவளுக்கு இருந்தது. பிறகு அவன் அவள் பக்கம் திரும்பினான்.

"அப்புறம் சொல்றேன்னியே" என்றான். "சொல்லு."

சுற்றிலும் ஆட்கள் நின்றார்கள். யாரும் நகரவில்லை. அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மழையில் விழுந்த நாளிலிருந்து ஆரம்பித்தாள்.